முள் இறங்கினால் சூடு இறங்கியதா? கூலிங் சிஸ்டத்தில் சிக்கிய காற்றை வெளியேற்றும் கதை



இந்தக் கட்டுரையை நான் போன வருஷமே எழுதியிருக்கணும். எழுதாததுக்கு ஒரே காரணம் வெட்கம். மெக்கானிக்கல் படிக்கிற பையன், ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல நல்ல கிரேடு வாங்கின பையன், சொந்த வீட்டு கார் எஞ்சினைத் தன் கையால வேக வைச்சுட்டான்னு எப்படி எழுதறது? இப்போ கடைசி வருஷம். போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போயிடறேன்.

எங்க வீட்டில் ஒரு பழைய ஹேட்ச்பேக் இருக்கு. செகண்ட் ஹேண்டில் வாங்கினது. லீவில் வீட்டுக்குப் போனப்போ ரேடியேட்டரின் மேல் ஹோஸில் விரிசல் விட்டு கூலன்ட் கசிஞ்சுக்கிட்டு இருந்தது. அப்பா மெக்கானிக்கிட்ட விடலாம்னார். "ஒரு ஹோஸ், ரெண்டு கிளாம்ப், இதுக்கெல்லாம் மெக்கானிக்கா? நானே மாத்தறேன்ப்பா"ன்னு நான்தான் வாங்கிப் போட்டேன். பழைய ஹோஸைக் கழட்டினேன், புதுசை மாட்டினேன், ரேடியேட்டர் வாய் வரைக்கும் கூலன்ட் ஊத்தினேன், மூடியைத் திருகினேன். அரை மணி நேர வேலை. மூணு நாள் சேலம் டவுனுக்குள்ள ஓட்டினோம், முள் நடுவிலேயே நின்னது. நான் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

நாலாவது நாள் ஏற்காடு. நான் ஸ்டீயரிங்கில், அப்பா பக்கத்தில், பின்னாடி அம்மாவும் பாட்டியும். அந்த மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். செகண்ட் கியரில் ஏறிக்கிட்டு இருந்தோம். பாதி வளைவு தாண்டினதும் முள் மெதுவா மேலே ஏற ஆரம்பிச்சது. "டேய், முள்ளு சிவப்புக்கிட்ட போகுது பாரு"ன்னார் அப்பா. ஓரம் கட்ட இடம் தேடறதுக்குள்ள, முள் திடீர்னு சரிஞ்சு கீழே வந்துடுச்சு. நடுவுக்கும் கீழே. எனக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா, ஃபேன் ஓடினதும் சரியாயிடுச்சு"ன்னு சொல்லிட்டு இன்னும் ரெண்டு வளைவு ஏத்தினேன்.

அந்த ரெண்டு வளைவுதான் எஞ்சினைக் கொன்னது. முதலில் இழுவை குறைஞ்சது, அப்புறம் உள்ளே கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம், அப்புறம் பானெட் ஓரமெல்லாம் ஆவி. பாட்டியை இறக்கி ஒரு மரத்தடியில் உட்கார வைச்சுட்டு, டோ வண்டிக்குக் காத்திருந்தோம்.

ஒர்க்‌ஷாப்பில் ஹெட்டைக் கழட்டி, அதன் மேல ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைச்சு ஃபீலர் கேஜைச் சொருகினார் மெக்கானிக் அண்ணன். 0.2 மில்லிமீட்டர் தகடு தாராளமா உள்ளே போச்சு. ஹெட் வளைஞ்சு போயிருந்தது. ஹெட் ஃபேஸிங், புது கேஸ்கெட், அப்பாவுக்கு ஒரு மாசச் சம்பளத்தில் பாதி. நான் ஹோஸ் மாத்தின கதையைக் கேட்டுட்டு அண்ணன் ஒண்ணுதான் சொன்னார்: "தண்ணி ஊத்தத் தெரிஞ்சா மட்டும் பத்தாது தம்பி, காத்தை வெளிய விடவும் தெரியணும்."

அந்தக் காற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கூலன்ட் போகும் பாதை

முதலில் பாதையைப் பார்த்துக்குவோம். வாட்டர் பம்ப் கூலன்ட்டை எஞ்சின் பிளாக்குக்குள் தள்ளும். அது சிலிண்டர்களைச் சுற்றி ஓடி, மேலே ஹெட்டுக்குப் போகும். அங்கேதான் அதிகச் சூடு, முக்கியமாக எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றி. ஹெட்டில் இருந்து வெளியே வரும் வழியில் தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியே இருக்கும். பல வண்டிகளில் 82 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் திறக்க ஆரம்பிக்கும். திறந்த பிறகுதான் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போய், ஆறி, திரும்பவும் பம்புக்கு வரும். இதுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கிளைப் பாதை: டாஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கும் ஹீட்டர் கோர்.

இந்தப் பாதை முழுக்க மேடு பள்ளம். ஹெட்டின் உச்சி, தெர்மோஸ்டாட் ஹவுசிங், மேல் ஹோஸின் வளைவு, ஹீட்டர் கோர் எல்லாம் மேடு. காற்று எப்பவும் மேட்டைத் தேடித்தான் போகும். நாம ஊத்துற வாயோ, இப்போ வர்ற தாழ்வான பானெட் வண்டிகளில் பல நேரம் எஞ்சினின் உச்சியைவிடக் கீழே இருக்கும். அதனால ரேடியேட்டர் வாய் வரைக்கும் கூலன்ட் தெரிஞ்சா சிஸ்டம் நிரம்பிடுச்சுன்னு அர்த்தமில்லை. நான் பண்ணின முதல் தப்பு அதுதான்.

கொஞ்சம் காற்று இருந்தா என்ன?

"கூலன்ட்தான் நாலைந்து லிட்டர் இருக்கே, ஒரு டம்ளர் காற்று என்ன பண்ணிடும்?" நியாயமான கேள்வி. மூணு விதமாகப் பதில் சொல்றேன்.

ஒன்று, வெப்பத்தைச் சுமக்கிற திறன். தண்ணீரின் ஸ்பெசிஃபிக் ஹீட் கிலோவுக்கு 4.18 கிலோஜூல், காற்றுக்கு சுமார் 1. நாலு மடங்குதானேன்னு தோணும். ஆனால் எஞ்சினுக்குள் இடம் என்பது கிலோ கணக்கில் இல்லை, லிட்டர் கணக்கில். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, ஒரு லிட்டர் காற்று 1.2 கிராம். பெருக்கிப் பாருங்க: ஒரே இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கும் காற்றைவிடத் தண்ணீர் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். அதாவது காற்றுக் குமிழ் நிற்கிற இடத்தில் கூலிங்கே இல்லைன்னு வைச்சுக்கலாம்.

இரண்டு, பம்ப். கிணற்று மோட்டார் வைச்சிருக்கிற வீட்டுப் பசங்களுக்கு இது தெரியும். ஃபுட் வால்வ் கசிஞ்சு குழாயில் காற்று புகுந்துட்டா மோட்டார் ஓடும், சத்தம் வரும், தண்ணி வராது. மறுபடி குடத்தில் தண்ணி எடுத்து ஊத்தித்தான் இழுக்க வைக்கணும். காரின் வாட்டர் பம்பும் அதே சென்ட்ரிஃப்யூகல் ஜாதிதான். இம்பெல்லர் கொடுக்கிற ஹெட் மீட்டர் கணக்கில் மாறாது. ஆனால் அதை அழுத்தமாக மாற்ற அடர்த்தியால் பெருக்கணும். பேச்சுக்கு 10 மீட்டர் ஹெட் என்று வைங்க. தண்ணீரில் அது சுமார் 98,000 பாஸ்கல். காற்றில் வெறும் 118 பாஸ்கல். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் நாம மனப்பாடம் பண்ணின பிரைமிங் கேள்விக்கு இதுதான் விடை. பம்புக்குள் போதுமான காற்று சேர்ந்தால் பெல்ட் சுத்தும், இம்பெல்லர் சுத்தும், கூலன்ட் மட்டும் அசையாது.

மூன்று, உலோகம். எங்க வண்டியில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரு டிகிரிக்கு அலுமினியம் விரிவது இரும்பைப் போல சுமார் இரண்டு மடங்கு. வழக்கமான சூட்டில் இந்த வித்தியாசத்தை கேஸ்கெட்டும் போல்ட்டுகளும் தாங்கிக்கும். ஆனால் காற்று நின்ற ஓரிடம் மட்டும் அளவு மீறிச் சூடானால் அந்த இடம் விரியப் பார்க்கும், சுற்றியிருக்கும் உலோகமும் போல்ட்டுகளும் விடாது. ஹெட் வளையும். பல எஞ்சின்களில் அனுமதிக்கிற வளைவு 0.05 மில்லிமீட்டர் சுற்றித்தான். நம்ம ரெக்கார்டு எழுதுகிற ஏ4 தாளின் தடிமனே கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர். அதில் பாதி! எங்க ஹெட்டில் நுழைஞ்சது அதுக்கு நாலு மடங்கு.

முள் ஏன் பொய் சொன்னது?

இந்தக் கட்டுரையில் ஒண்ணே ஒண்ணுதான் உங்க மனசில் நிற்கணும்னா இதுவாக இருக்கட்டும்.

டெம்பரேச்சர் சென்சார் எஞ்சினின் உலோகச் சூட்டை நேராக அளப்பதில்லை. கூலன்ட் ஓடும் பாதையில் மூக்கை நீட்டிக்கிட்டு இருக்கும், தன்னைத் தொடுவது எதுவோ அதன் சூட்டைச் சொல்லும். கூலன்ட் தொட்டால் கூலன்ட்டின் சூடு. கூலன்ட் அளவு இறங்கி சென்சார் காற்றிலோ ஆவியிலோ தொங்கினால், அதற்குப் போய்ச் சேரும் வெப்பமே குறைஞ்சுடும். தண்ணீரோடு ஒப்பிட்டால் காற்று வெப்பத்தைக் கடத்துவது இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால முள் கீழே வரலாம், அல்லது மேலேயும் கீழேயும் ஆடலாம்.

அன்னிக்கு ஏற்காட்டில் முள் சரிஞ்சது எஞ்சின் ஆறினதால் இல்லை. சென்சாரைத் தொட்டுக்கிட்டிருந்த கூலன்ட் போனதால். ஏறுகிற முள்ளைவிட, ஏறிட்டு காரணமே இல்லாமல் சட்டென்று இறங்குகிற முள்தான் ஆபத்து. அதைப் பார்த்தால் நிறுத்துங்க. "சரியாயிடுச்சு"ன்னு சொல்லாதீங்க.

காற்று எப்படி உள்ளே வருகிறது?

பெரும்பாலும் நாமளே விடறதுதான். ஹோஸ், தெர்மோஸ்டாட், பம்ப், ரேடியேட்டர் எதைக் கழட்டினாலும் காற்று உள்ளே போகும். திரும்ப ஊத்தும்போது தெர்மோஸ்டாட் மூடியிருப்பதால் அதுக்குப் பின்னாடி இருக்கும் காற்றுக்கு வெளியே வர வழியில்லை. இதுக்காகவே பல தெர்மோஸ்டாட்களில் சின்ன ஓட்டையும், அதில் தளர்வாக ஆடும் ஜிகில் பின்னும் இருக்கும். காற்று அது வழியாகக் கசிந்து மேலே போகும். தெர்மோஸ்டாட்டைச் செங்குத்தாக மாட்டுகிற எஞ்சின்களில் அந்தப் பின் மேல் பக்கம் வருகிற மாதிரி மாட்டணும். தலைகீழா மாட்டினால் இருந்தும் பிரயோஜனமில்லை.

இரண்டாவது வழி ரேடியேட்டர் மூடி. அந்த மூடிக்குள் இரண்டு வால்வுகள். சூடாகி அழுத்தம் ஏறினால் ஒன்று திறந்து, அதிகக் கூலன்ட்டையும் காற்றையும் பக்கத்து ரிசர்வாயர் பாட்டிலுக்கு அனுப்பும். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மற்றொன்று திறந்து பாட்டிலில் இருந்து கூலன்ட்டைத் திரும்ப இழுக்கும். அழகான ஏற்பாடு. ஆனால் பாட்டில் காலியாக இருந்தால்? அது இழுப்பது காற்றை. நான் ரேடியேட்டரை மட்டும் நிரப்பினேன், பாட்டிலை எட்டிக்கூடப் பார்க்கலை. மூணு நாள் டவுனுக்குள்ள ஓட்டினப்போ, ஒவ்வொரு முறை ஆறும்போதும் எங்க வண்டி காற்றைக் குடிச்சிருக்கு.

மூன்றாவது, மோசமான வழி: ஹெட் கேஸ்கெட் கசிவு. சிலிண்டருக்குள் எரியும் வாயுவே கூலன்ட்டுக்குள் வரும். இதைப் பற்றிக் கடைசியில்.

மூடியைத் தொடும் முன் இதைப் படிங்க

சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. எல்லாரும் சொல்றதுதான், கணக்கோட சொல்றேன். பல கார்களில் மூடி சுமார் 1 பார் அழுத்தம் தாங்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரியில்தான் கொதிக்கும். உள்ளே 115 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் அமைதியாக இருக்குன்னு வைங்க. மூடியைத் திறந்ததும் கொதிநிலை 100 டிகிரிக்கு வந்துடும். மிச்சமிருக்கும் 15 டிகிரிச் சூடு, அதாவது சுமார் 63 கிலோஜூல், உடனே தண்ணீரை ஆவியாக்கும். லேட்டன்ட் ஹீட் கிலோவுக்கு 2,257 கிலோஜூல். வகுத்தால் 28 கிராம்தான். ஆனால் அந்த 28 கிராம் ஆவி அடைக்கிற இடம் சுமார் 47 லிட்டர்! அது கொதிக்கிற தண்ணீரையும் சேர்த்துத் தள்ளிக்கிட்டு உங்க முகத்துக்கு வரும். அதனால எஞ்சின் முழுசாக ஆறட்டும். ராத்திரி நிறுத்தின வண்டியைக் காலையில் தொடுவது உத்தமம்.

காற்றை வெளியேற்றும் முறை

இது ரேடியேட்டரிலேயே மூடி இருக்கும் வண்டிகளுக்கான பொதுவான முறை. சில வண்டிகளில் மூடி ரேடியேட்டரில் இருக்காது, அழுத்தம் தாங்கும் எக்ஸ்பேன்ஷன் டேங்கில் இருக்கும். அங்கே உச்சியில் சேரும் காற்றை ஒரு சின்ன ஹோஸ் தானாகவே டேங்குக்குக் கொண்டுபோகும். அந்த வண்டிகளுக்கு நடைமுறை மாறலாம். உங்க வண்டியின் சர்வீஸ் மேனுவல் வேறு மாதிரி சொன்னால் அதையே செய்யுங்க.

1. திறந்த வெளியில் வண்டியை நிறுத்துங்க. மூடின ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விட்டால் புகை ஆளைக் கொல்லும்.

2. முன்பக்கம் மேடாக இருக்கிற மாதிரி சரிவில் நிறுத்துங்க. ரேடியேட்டர் வாய்தான் இப்போ சிஸ்டத்தின் உச்சியாக இருக்கணும். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்கு அண்டையாகக் கல்.

3. ஹீட்டர் நாபை முழுச் சூட்டில் வைங்க. நம்ம ஊர் வெயிலில் அந்த நாபை யாருமே தொடுவதில்லை. ஹீட்டருக்கு வால்வ் வைச்ச வண்டிகளில், நாப் குளிர்ச்சியில் இருந்தால் ஹீட்டர் கோருக்குக் கூலன்ட் போகாது. அங்கே இருக்கும் காற்று அங்கேயே இருக்கும், பின்னாடி ஒரு நாள் வெளியே வரும்.

4. தெர்மோஸ்டாட் ஹவுசிங்கிலோ மேல் ஹோஸிலோ ப்ளீட் ஸ்க்ரூ இருக்கான்னு பாருங்க. இருந்தால் கொஞ்சம் தளர்த்துங்க.

5. புனல் வைத்து மெதுவாக ஊத்துங்க. அவசரமாக ஊத்தினால் கூலன்ட் கூடவே காற்றையும் இழுத்துக்கிட்டுப் போகும். நடுநடுவே மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கையால் அமுக்கி விடுங்க. குமிழ்கள் "குளுக் குளுக்"னு வரும். ப்ளீட் ஸ்க்ரூ வழியாகக் குமிழ் இல்லாமல் கூலன்ட் மட்டும் வர ஆரம்பிச்சதும் இறுக்குங்க. பலதும் பிளாஸ்டிக், பலத்தைக் காட்டாதீங்க.

6. மூடி திறந்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஐடிலில் விடுங்க. ஏசி ஆஃப். முகத்தை வாய்க்கு நேராக வைக்காதீங்க, கையில் கிளவுஸ். ரேடியேட்டர் ஃபேன் எப்ப வேணும்னாலும் சுத்தும், கையை உள்ளே விடாதீங்க.

7. பத்துப் பதினைந்து நிமிடம் பொறுமை. தெர்மோஸ்டாட் திறக்கும்போது மேல் ஹோஸ் சூடாகும், பெரிய குமிழ்கள் வரும், மட்டம் திடீர்னு இறங்கும். பயப்படாதீங்க, இதுக்குத்தான் காத்திருந்தோம். இறங்கின அளவுக்கு ஊத்துங்க.

8. சில நொடிகள் 2,000 ஆர்பிஎம் வரை ஏற்றி இறக்குங்க. ஹீட்டர் கோரிலும் மூலைகளிலும் ஒட்டிக்கிட்டிருக்கும் குமிழ்கள் நகரும். கூலன்ட் பொங்கி வந்தால் எஞ்சினை நிறுத்திட்டுத் தள்ளி நில்லுங்க.

9. ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கட்டும். குமிழ் நின்றதும் எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, வாய் வரை நிரப்பி மூடுங்க. ரிசர்வாயர் பாட்டிலில் மேல் கோடு வரை ஊத்துங்க. நான் மறந்ததை நீங்க மறக்காதீங்க.

10. ஒரு சின்ன ரவுண்டு ஓட்டிட்டு வாங்க. மறுநாள் காலை, குளிர்ந்த எஞ்சினில் பாட்டிலைப் பாருங்க. கொஞ்சம் குறைஞ்சிருந்தால் நல்லது, மிச்சக் காற்று போய் அந்த இடத்துக்குக் கூலன்ட் வந்திருக்கு. நிரப்பிட்டு இன்னும் இரண்டு மூன்று நாள் கவனிங்க.

எதை ஊத்தறது? மேனுவல் சொல்கிற கூலன்ட். அடர் கூலன்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு, பல வண்டிகளுக்குச் சரிபாதி. போர்வெல் தண்ணி வேண்டாம், நம்ம வீட்டுப் பாத்திர அடியில் படியும் உப்பு உள்ளேயும் படியும். எத்திலீன் கிளைக்கால் கூலன்ட் விஷம், ஆனால் இனிக்கும். கீழே சிந்தினதை நாயோ குழந்தையோ வாயில் வைக்காமல் உடனே கழுவிடுங்க. வடித்த கூலன்ட்டைச் சாக்கடையில் கொட்டாதீங்க.

காற்று தீரவே இல்லையா?

சரியாகச் செய்திருந்தால் ஹீட்டரில் சீரான சூடு வரும். ஹீட்டர் முழுச் சூட்டில் இருந்தும் குளிர்ந்த காற்று வந்தால், அல்லது டாஷ்போர்டுக்குள் ஓடை ஓடுகிற மாதிரி சலசலப்பு கேட்டால், ஹீட்டர் கோரில் இன்னும் காற்று இருக்கு. மறுபடி முதலில் இருந்து.

மூணு நாலு தடவை செய்தும் குமிழ் வந்துக்கிட்டே இருந்தால் சந்தேகம் ஹெட் கேஸ்கெட் மேல்தான். ஒர்க்‌ஷாப்பில் ஒரு சோதனை உண்டு: ரேடியேட்டர் வாயில் இருக்கும் காற்றை நீல நிறத் திரவம் வழியாக இழுப்பாங்க. அதில் கார்பன் டை ஆக்சைடு இருந்தால், பெட்ரோல் வண்டிகளில் திரவம் மஞ்சளாகும். அப்படி ஆனால் புனலைக் கீழே வைச்சிடுங்க. அது வெளியே எடுக்க எடுக்கத் தீராத காற்று, எஞ்சினே ஊதிக்கிட்டு இருக்கு.

வழியில் சூடானால்

ஏசியை அணைங்க. ஹீட்டரை முழுச் சூட்டிலும் அதன் ஃபேனை முழு வேகத்திலும் வைங்க. வெந்து போவீங்க, ஆனால் ஹீட்டர் கோர் ஒரு சின்ன ரேடியேட்டர், கூலன்ட் ஓடும் வரை உதவும். இது ஓரம் கட்டும் வரைக்கும் மட்டும்தான். இடம் கிடைத்ததும் நிறுத்தி எஞ்சினை அணைங்க. மூடியைத் தொடாதீங்க, எஞ்சின் மேல் பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க. உள்ளே இருக்கிறவங்களை இறக்கி நிழலில் உட்கார வைங்க. அரை மணி நேரம் தாமதமானால் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் அவசரப்பட்ட ரெண்டு வளைவுக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகலை.

வண்டி சரியாகி வந்ததும், போன பொங்கல் லீவில் கூலன்ட் மாத்தினப்போ அப்பா என்னைத்தான் செய்யச் சொன்னார். பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துக்கிட்டார். கடைசிக் குமிழ் நிற்கிற வரைக்கும் எழுந்திருக்கலை. அடுத்த நாள் ஏற்காடு போனோம். இருபது வளைவிலும் அப்பா ரோட்டைப் பார்க்கலை, முள்ளைத்தான் பார்த்தார். பாட்டி மட்டும் வரமாட்டேன்னுட்டாங்க.

உங்க வீட்டு வண்டியில் இந்த லீவில் யாராவது ஹோஸ் மாத்தினால், பக்கத்தில் போய் நின்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "காத்து எடுத்தாச்சா?"